ஏசித் தண்ணீர்

சர்வேயர் வந்து சுண்ணாம்புக் கோடு இழுத்த அன்று
வெயில் அந்தப் பக்கம் போய்விட்டது.
பத்திரத்தில் வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை.

நெல்லித்தோப்பில் இருபத்தோரடி அகல வீடு,
பன்னிரண்டும் ஒன்பதுமாய்ப் பிரிந்தது.
ஒன்பது எங்களுக்கு.
நடுவில் எழுந்த சுவரை
இவர் தம்பி அந்துவான் உயர்த்திக்கொண்டே போனான்.

ரோஜா வைத்தேன், குச்சியாய் நின்றது.
மணிபிளாண்ட் பிழைத்தது.
எங்கே வைத்தாலும் அதற்குச் சம்மதம்;
அதனாலேயே பிடிக்காமல் போனது.

காலாப்பட்டு ரோட்டு நர்சரிக்காரர்
"வெயிலே வராதுன்னா இத எடுத்துட்டுப் போங்க" என்று
ஒரு தொட்டியைக் காலால் தள்ளினார்.
பிகோனியா.
நடுவில் நாவல்பழம் தின்ற நாக்கு,
சுற்றிலும் புதிதாய் ஈயம் பூசிய வெள்ளை,
ஓரத்தில், தான் இலை என்பது
மறந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் பச்சை.
திருப்பினால் அடியெல்லாம் சிவப்பு.
காம்பில், மீசை அரும்பும் பையனுக்குப் போல் பூனைமுடி.

ஒரு பாதி பெருத்து மறுபாதி சிறுத்திருந்தது.
"ஊனமா இருக்கே?"
"எல்லா இலையும் அப்படித்தாங்க.
ரெண்டு பாதியும் ஒண்ணா இருந்தா அது பிகோனியாவே இல்ல."
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
பன்னிரண்டையும் ஒன்பதையும்
விரலால் தடவியபடியே வந்தேன்.

குழாய்த் தண்ணீரில் உப்பு. இலையோரம் கருகியது.

அந்துவான் மாட்டிய ஏசியின் குழாய்
எங்கள் முற்றத்தில்தான் சொட்டும்.
அதற்கு இரண்டு வருஷச் சண்டை.
கோர்ட்டுக்குப் போவேன் என்றார் இவர்.
போ என்றான் அவன்.
ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம்
இருவரும் ஆளுக்கொரு பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஒரு மே மாத இரவு
சொட்டுக்குக் கீழே பெயிண்ட் டப்பாவை வைத்தேன்.
விடிந்தால் முக்கால் டப்பா.
உப்பில்லை, மருந்து வாடையில்லை.
அவர்கள் குளிரக் குளிரத் தூங்கியதன் மிச்சம்.
வேரில் மட்டும் ஊற்றினேன், இலையில் படாமல்.
அதற்குப் பிறகு
ஏசி ஓடாத இரவில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

பதினேழு தொட்டி ஆனபோது
மாடியில் துணி காயப்போட்ட செசிலி
கைப்பிடிச் சுவரில் குனிந்து கேட்டாள்,
நாலு வருஷத்தில் முதல் வார்த்தை:
"அக்கா, அது பூவா, இலையா?"
"இலை."
"பூக்காதா?"
"பூக்கும். கிள்ளிப் போட்டுடுவேன்."

ஓர்ப்படிக்கு ஒரு இலை போதும்.
ரொட்டிக் கவரில் போட்டுக் கொடிக்கயிற்றில் கட்டினேன்,
மேலே இழுத்துக்கொண்டாள்.
கீழே நின்று கத்தினேன்:
நரம்பை பிளேடால் கீறு.
ஈரத் தேங்காய்நார்மேல் மல்லாத்திப் படுக்க வை.
கொண்டை ஊசி குத்து.
வெட்டுப்பட்ட இடத்தில்தான் முளைக்கும்.

முதல் இலை வெயிலில் தீய்ந்தது.
இரண்டாவதைத் தண்ணீர் ஊற்றியே அழுக வைத்தாள்.
"எங்க பக்கம் வெயில் ஜாஸ்திக்கா" என்றாள்,
ஏதோ ஏமாந்துவிட்டவள் மாதிரி.
நான் உள்ளே வந்து சிரித்தேன்.

மூன்றாவது அவர்கள் மாடிப்படிக்கு அடியில்
உயிரோடு இருப்பதாகக் கேள்வி.
கீறலுக்கு ஒன்றாய், எலிக்காது அளவில், மூன்று.
நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

தை பிறந்தது. மழையும் நின்றது, ஏசியும் நின்றது.
டப்பா காய்ந்து ஒரு கரப்பான் குடியேறியது.
"தண்ணிக்கு என்ன பண்றீங்க?" என்று மேலிருந்து கேட்டாள்.
பார்க்கலாம் என்றேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரை இருக்கும்.
போர்வைக்குள்ளேயே விரல் சில்லிடும் பனி.
டப்பாவில் டொக்கென்று ஒன்று.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
இவர் புரண்டு படுத்தார்:
"இந்தக் குளிர்ல ஏசியா? அவனுக்கென்ன பைத்தியமா?"
நான் பேசவில்லை,
எண்ணிக்கொண்டிருந்தேன்.